எல்லையூரின் பொதுக் கணக்கு
இணைய விரிதாள்களுள் எதனைத் தெரிவது?

பாறசாலையிற் பேருந்து ஏறியவர் பயணச்சீட்டு வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் களியக்காவிளை வந்துவிடும். கடைப் பலகைகளின் எழுத்து மாறும், காவலர் உடை மாறும், மாநிலமும் மாறிவிடும். மாறாதது உறவு ஒன்றே. அக்காளை இப்பக்கமும் தங்கையை அப்பக்கமும் மணம் முடித்துக் கொடுத்த வீடுகள் நம் எல்லைச் சிற்றூர்களில் பல. 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு போட்டவர் நிலத்தைப் பிரித்தனர். அடுப்பங்கரையைப் பிரிக்க எவராலும் இயலவில்லை.

ஆயினும் கணக்கு என்பது இரண்டாகிவிட்டது. இப்பக்கத்து மகளிர் 1998-இல் தோன்றிய குடும்பசிரீயின் அயற்கூட்டத்தில் வாரந்தோறும் சேமிக்கின்றனர். அப்பக்கத்து மகளிர் தம் சுய உதவிக் குழுவிற் சேமிக்கின்றனர். ஒருவர் ஏட்டில் மலையாளம். மற்றவர் ஏட்டில் தமிழ். பிள்ளைகளோ வளைகுடா நாடுகளிலும் மும்பையிலும் இருந்து பணம் அனுப்புகின்றனர். ஒரு கோயில் விழாவோ, ஒரு திருமணமோ, ஓர் இறப்போ நேர்ந்தால் இம்மூன்று திசைப் பணமும் ஒரே ஏட்டில் வந்து விழவேண்டும். அந்த ஏடு எதுவாக இருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு மூதாட்டியின் ஆயிரம் ரூபாய்

முதலில் எங்கள் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் உறவினருள் 38 குடும்பங்கள் சேர்ந்து துயர்க்காலத் துணைநிதி ஒன்று நடத்துகிறோம். வீட்டிற்கு மாதம் 200 ரூபாய், மாதத்திற்கு 7,600, ஆண்டிற்கு 91,200. பல்லாண்டுகள் நீண்ட சிவப்பு அட்டைப் பேரேட்டில் எழுதிவந்த இக்கணக்கை, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளும் காணவேண்டும் என்னும் நல்லெண்ணத்தால் இணைய விரிதாளுக்கு மாற்றினோம். எல்லோருக்கும் எழுதும் உரிமை தந்தோம். எல்லோரும் நம்மவர்தாமே என்று எண்ணினோம்.

ஆண்டுக் கூட்டத்தில் நிலுவைப் பட்டியலை வாசித்தபோது, ஒரு மூதாட்டியின் பெயருக்கு எதிரே ஐந்து மாதம் பாக்கி, ரூபாய் 1,000 என்று இருந்தது. அவர் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை அவருடைய பேத்தி, ஐந்து மாதங்களுக்குரிய இரசீதுகளையும் கொணர்ந்து பொருளாளர் கையிற் கொடுத்தாள்.

விரிதாளின் பழைய படிகளைப் புரட்டிப் பார்த்ததில் சில நிமிடங்களில் உண்மை புலப்பட்டது. வெளிநாட்டிலிருந்த தம்பி ஒருவர் பெயர்களை அகர வரிசைப்படுத்த விரும்பிப் பெயர் நெடுவரிசையை மட்டும் தெரிந்து வரிசைப்படுத்தியிருந்தார். பெயர்கள் இடம் மாறின. பணம் செலுத்திய குறிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒருவர் கட்டிய பணம் மற்றொருவர் கணக்கில் ஏறிவிட்டது. எந்த நாள், எந்த மணி, எவர் கை என்பது வரை அந்த ஏடே காட்டிக்கொடுத்தது.

பணத்தை எடுத்துக்கொண்டு மூவர் அம்மூதாட்டியின் வீட்டிற்குச் சென்றோம். அவர் பணத்தை வாங்கிக்கொண்டு, "மக்களே, அண்ணைக்கு எல்லாரு முன்னாலயும் வாசிச்சியல்லா? இதயும் அதுபோல வாசிப்பியளா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த கூட்டத்தில் வாசித்தோம். ஆயிரம் ரூபாயைத் திருப்பித் தருவது எளிது. அவையில் இழந்த மதிப்பைத் திருப்பித் தருவது எத்துணை அரிது என்பதை அன்று உணர்ந்தோம்.

அந்நிகழ்ச்சியிலிருந்து யாம் கற்றது இது: பிழையே நேராத கருவி உலகில் இல்லை, பிழையை மறைக்காத கருவியே நமக்கு வேண்டும்.

பழங்கணக்கும் புதுக்கணக்கும்

நம் பகுதியினர் கணக்கிற்கு அஞ்சுபவர் அல்லர். திருவிதாங்கூர் நாணய முறையில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு ரூபாய். பதின்மானம் இல்லாத இம்முறையில் வட்டியும் வாரமும் வாய்க்கணக்காகவே கூறிய முதியோர் பலர் இருந்தனர். தமிழ்க் கீழ்வாயிலக்கத்தில் முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. காணி என்பது 80-இல் ஒரு பங்கு. மா என்பது 20-இல் ஒரு பங்கு. அவற்றையும் திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் செய்தனர். நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாலராமபுரத்தில், பாலராமவர்மர் ஆட்சியிலே (1798–1810) தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர் குடும்பங்கள் பாவின் இழையை எண்ணி எண்ணியே வாழ்ந்தனர். இழை ஒன்று தவறினால் துணியில் தெரியும். கணக்கிலோ தவறு தெரியாமல் ஒளிந்துகொள்ளும். வேறுபாடு அவ்வளவே.

விரிதாள் என்பது கிடைவரிசையும் நெடுவரிசையுமாகக் கட்டம் கீறிய கணக்கேடே. ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால், அதனைச் சார்ந்த கூட்டல்கள் யாவும் தாமே மாறும். அதுவே அதன் சிறப்பு. கணிப்பொறியில் இதனை முதன்முதலில் யாவரும் பயன்படுத்தும் வண்ணம் செய்தது 1979-இல் டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன் ஆகிய இருவர் ஆக்கிய விசிகால்க் என்னும் மென்பொருள். 1985-இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எக்செல் வந்தது. 2006-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனமும், சென்னையில் வளர்ந்த ஜோஹோ நிறுவனமும் இணையத்திலேயே பலர் கூடி எழுதும் விரிதாள்களை வெளியிட்டன. தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறை என்னும் சிற்றூரிலும் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனம் இந்த ஜோஹோ.

இக்கருவியைக் கையாள்வதில் பேரறிஞரும் பெருநாடுகளும் சறுக்கியதுண்டு. 2020-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கொரோனா தொற்று உறுதியானோரின் எண்ணிக்கையைத் தொகுத்தபோது, 65,536 கிடைவரிசைக்குமேல் கொள்ளாத பழைய எக்செல் கோப்பு வகையைப் பயன்படுத்தியதால், ஏறத்தாழ 16,000 பேர் கணக்கில் வாராது விடுபட்டனர். 2010-இல் ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் வெளியிட்ட கட்டுரையில், சராசரி காணும் வாய்பாடு ஐந்து நாடுகளை விட்டுவிட்டிருந்ததை 2013-இல் தாமஸ் ஹெர்ண்டன் என்னும் மாணவர் கண்டுபிடித்தார். அவ்விரண்டு இடத்தும் இயந்திரம் தனக்கு இட்டதையே செய்தது, மனிதர் சரிபார்க்கவில்லை. 38 குடும்பத்துக் கணக்கிலும் நடந்தது அதுவே.

நால்வகை ஏடுகள்

இனி நமக்குக் கிடைப்பவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

கூகுள் ஷீட்ஸ்: ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்போர் பெரும்பாலோரிடம் இதற்குரிய பயனர் கணக்கு ஏற்கெனவே இருக்கும், ஆதலின் புதிதாகச் சேரும் தொல்லை குறைவு. ஒரே வேளையில் 100 பேர் வரை எழுதலாம். பார்ப்பவர், கருத்துரைப்பவர், எழுதுபவர் என மூவகை உரிமை பகுத்துத் தரலாம். ஒரு தனிக் கட்டத்தைத் தொட்டு, அதனை மாற்றியவர் யார், முன்பு இருந்த எண் யாது என்று கேட்டறியும் வசதி இதன் பெருஞ்சிறப்பு. இணையம் இல்லாத இடத்திலும் கைப்பேசியில் எழுதி வைத்துப் பின்னர்ச் சேர்க்கலாம். மலையாளத் தலைப்பைத் தமிழிலும், தமிழ்த் தலைப்பை மலையாளத்திலும் பெயர்த்துக் காட்டும் வாய்பாடு ஒன்றும் இதில் உண்டு. பெயர்ப்பு எப்போதும் செம்மையாக இராது. ஆயினும் எல்லையூர்க் குழுவிற்கு அது ஒரு கைவிளக்கு.

எக்செல் இணையப் பதிப்பு: கட்டணமின்றிப் பயனர் கணக்குத் தொடங்கி உலாவியிற் பயன்படுத்தலாம். கடினமான வட்டிக் கணக்கு, தவணைக் கணக்கு ஆகியவற்றிற்கு இது வலிமை மிக்கது. ஒரு தாளில் 10,48,576 கிடைவரிசைகள் உள்ளன; நம் குழு எதுவும் அவ்வெல்லையை எட்டப் போவதில்லை. அலுவலகத்தில் எக்செல் பழகியவர் பொருளாளராக இருந்தால் இது அவர் கைக்கு இசைவாக அமையும். யார் எதனை மாற்றினார் என்பதை இதுவும் காட்டும். ஆனால் அம்மாற்றப் பட்டியல் 60 நாள் வரையே நிற்கும். ஆண்டிற்கு ஒருமுறை மட்டும் கணக்குப் பார்க்கும் குழுவிற்கு இது போதாது. இரண்டு மாதத்திற்குள் ஒருமுறையேனும் பார்த்தாக வேண்டும்.

ஜோஹோ ஷீட்: பார்க்கும் உரிமையும் எழுதும் உரிமையும் பகுத்துத் தருதல், குறித்த கட்டங்களைப் பூட்டி வைத்தல், மாற்றங்களின் தடத்தைக் காட்டுதல் ஆகிய மூன்றும் இதில் உள்ளன. கடைக் கணக்கு, விலைச்சிட்டை முதலியவற்றிற்கு அந்நிறுவனத்தின் பிற மென்பொருள்களை ஏற்கெனவே பயன்படுத்தும் வணிகக் குடும்பத்தாருக்கு இது பொருந்தும். உறுப்பினர் பலரும் புதிதாகப் பயனர் கணக்குத் தொடங்க வேண்டிவரும் என்பதை மட்டும் முன்னரே எண்ணிக்கொள்க.

லிப்ரே ஆபிஸ் கால்க்: இது நம் சொந்தக் கணிப்பொறியில் இருக்கும் கட்டற்ற மென்பொருள், விலை இல்லை, இணையமும் வேண்டா. தனித்து நிற்கும்போது பலர் தொலைவிலிருந்து கூடி எழுதுவதற்கு ஏற்றதன்று. எனினும் இதனை நான் விட்டுவிடாமைக்குக் காரணம் உண்டு. கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2017-இல் கைட் என்னும் நிறுவனமாயிற்று. அதன்வழி அங்குள்ள பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள்களே பயிற்றப் பெறுகின்றன. கால்க் அவற்றுள் ஒன்று. பாறசாலைப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளை ஒருத்திக்கு இவ்வேடு புதிதன்று. நம் பொருளாளருக்குத் தெரியாததை அவள் அறிவாள். அவளையே மாதக் கணக்கின் சரிபார்ப்பாளராக அமர்த்தினால் யாருக்கு இழப்பு?

அரைமணி நேரச் சோதனை

எந்த ஏட்டைத் தெரிந்தாலும், பொதுப் பணத்தை அதில் ஏற்றுமுன் வீட்டிலேயே ஆறு சோதனைகள் செய்து பார்க்க வேண்டுகிறேன்.

1. நூறு ரூபாயை மூவருக்குப் பங்கிடுக. ஒவ்வொரு கட்டத்திலும் 33.33 என்று தோன்றும். கூட்டல் மட்டும் 100.00 என்று காட்டும். தாளில் எழுதிக் கூட்டினால் 99.99 தான் வரும். கட்டத்தின் உள்ளே கண்ணுக்குத் தோன்றாத இலக்கங்கள் மறைந்திருப்பதே காரணம். பங்குத் தொகைக்கு ரவுண்ட் என்னும் முழுதாக்கும் வாய்பாட்டைக் கையாண்டு, மிஞ்சும் ஒரு பைசா யாருக்கு என்பதையும் முன்னரே வகுத்துக்கொள்க. ஒரு பைசாவுக்காக எழுந்த ஐயம் ஓராண்டு நட்பைக் கெடுத்துவிடும்.

2. 200 என்பதற்கு மாறாக, "200 ரூ" என்று ஒரு கட்டத்தில் எழுதிப் பார்க்க. கருவி அதனை எண்ணாகக் கொள்ளாமல் எழுத்தாகக் கொள்ளும், கூட்டலில் சேர்க்காது, எச்சரிக்கையும் தராது. பணம் கட்டியவர் கட்டாதவர் ஆகிவிடுவார். தொகைக் கட்டத்தில் எண் மட்டுமே இருத்தல் வேண்டும்.

3. வங்கிக் கணக்கு எண் ஒன்றை இடுக. முன்னால் நிற்கும் சுழிகள் மறைந்துபோகும். எக்செலில் 15 இலக்கத்திற்கு மேற்பட்ட எண்ணின் எஞ்சிய இலக்கங்கள் சுழியாக மாறிவிடும். ஆகவே அந்த நெடுவரிசையை முதலிலேயே எழுத்து வகை என்று குறித்துவிட்டுப் பிறகு எண்ணை இடுதல் நன்று. இதை அறியாமல் பணம் அனுப்புவோர் யாருக்கு அனுப்புவர்?

4. 03-04 என்று நாளைக் குறித்துப் பார்க்க. நாம் ஏப்ரல் 3 என்று கருதுவோம்; அமெரிக்க முறையில் அமைந்த ஏடு மார்ச் 4 என்று கொள்ளும். அமைப்புப் பகுதியில் நாடு இந்தியா என்று குறித்துவிடுக. அவ்வாறு குறித்தபின் ஒரு லட்சத்து இருபத்தையாயிரத்தை 1,25,000 என்று காட்டுகிறதா, 125,000 என்று காட்டுகிறதா என்பதையும் கவனிக்க. நம் முதியோர் கண் முன்னதற்கே பழகியது.

5. செல்லம், செவ்வந்தி, செழியன் என்னும் மூன்று பெயர்களை எழுதி அகர வரிசைப்படுத்துக. தமிழ் நெடுங்கணக்கில் லகரம், வகரம், ழகரம் என்பதே முறை. மேலே நான் எழுதிய வரிசை சரியானது. ஆனால் கணிப்பொறிக்குரிய ஒருங்குறி வரிசையில் ழகரம் வகரத்திற்கு முன்னர் நிற்கிறது. ஏடு அவ்வரிசையைப் பின்பற்றினால் செழியன் செவ்வந்திக்கு முன் வந்துவிடுவார். பெயரைக் கொண்டு வரிசைப்படுத்தும் வேலையே வேண்டா. ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஓர் உறுப்பினர் எண் கொடுத்துவிட்டால் மொழிச் சிக்கலும் தீரும், பெயர் மயக்கமும் தீரும். வரிசைப்படுத்தும்போது ஒரு நெடுவரிசையை மட்டும் தெரியாமல் தாள் முழுவதையும் தெரிந்துகொள்க. எங்கள் மூதாட்டி எமக்குக் கற்பித்த பாடம் இது.

6. மற்றொருவர் கைப்பேசியிலிருந்து வேண்டுமென்றே ஒரு பிழை செய்யச் சொல்லுக. அதனை யார், எப்பொழுது செய்தார் என்பதை ஐந்து நிமிடத்திற்குள் உங்களாற் கண்டுபிடிக்க முடிகிறதா? முடியவில்லையாயின், ஒன்று அக்கருவி உங்களுக்கு உதவாது. அல்லது அதனை நீங்கள் இன்னும் கற்கவில்லை. இரண்டில் எதுவாயினும் பொதுப் பணத்தை அதில் ஏற்றாதீர்.

ஏடு யாருடையது?

இங்கே பலரும் கருதாத ஒன்றுண்டு. இணைய விரிதாள் அதனைத் தொடங்கியவரின் பயனர் கணக்கில் இருக்கிறது. அவர் கடவுச்சொல்லை மறந்தாலும், மனம் மாறினாலும், காலமானாலும் குழுவின் ஏடு அவரோடு போய்விடக்கூடும். இரண்டாண்டு பயன்படுத்தப்படாத தனியார் கணக்குகளை நீக்கும் முறையைக் கூகுள் நிறுவனம் 2023 டிசம்பர் முதல் மேற்கொண்டுள்ளது. ஆகையால் பொருளாளர் ஒருவரின் சொந்தக் கணக்கில் பொது ஏட்டை வைத்தல் ஆகாது. சங்கத்தின் பெயரால் தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, கடவுச்சொல்லை எல்லைக்கு இப்பக்கம் ஒருவரும் அப்பக்கம் ஒருவருமாக இருவர் காத்தல் நன்று.

எழுதும் உரிமை இருவருக்கோ மூவருக்கோ போதும். பார்க்கும் உரிமை அனைவருக்கும் இருக்கட்டும். இணைப்பைப் பெற்ற எவரும் எழுதலாம் என்னும் ஏற்பாடு வாயிற்கதவைத் திறந்துவைத்து உறங்குவதை ஒக்கும். உறுப்பினரின் வங்கி எண், அடையாள எண் ஆகியவற்றை எல்லோரும் காணும் தாளில் இடாமல் வேறு தாளில் வைக்க. மாத இறுதியில் ஒரு படியை அச்சிட்டு, இரண்டு உறுப்பினர் கையொப்பமிட்டுக் கோப்பில் வைக்க. மற்றொரு படியைக் கால்க் கோப்பாக வீட்டுக் கணிப்பொறியில் இறக்கி வைக்க. நிறுவனம் மாறினாலும் இணையம் அறுந்தாலும் நம் கணக்கு நம்மிடமே இருக்கும்.

நிற்க. இவற்றுள் எது சிறந்தது என்று ஒரே சொல்லில் கேட்பார்க்கு என் விடை இது: இரு மாநிலத்திலும் அயல்நாட்டிலும் சிதறிய, கைப்பேசியையே நம்பிய சிறு குழுவிற்குக் கூகுள் ஷீட்ஸ், எக்செல் அறிந்த பொருளாளரும் அடிக்கடிக் கணக்குப் பார்க்கும் பழக்கமும் உள்ள சங்கத்திற்கு எக்செல், வணிகக் குடும்பத்திற்கு ஜோஹோ ஷீட், எல்லோருக்கும் மாதப் படியை வைத்துக்கொள்ளக் கால்க். எங்கள் நிதி இப்பொழுது இம்முறையில் முதலாவதிலும் நான்காவதிலும் நடைபெறுகிறது.

ஆனால் கருவியினும் பெரியது ஒரு வழக்கம். எங்கள் கூட்டத்தில் இப்பொழுது நிலுவைப் பட்டியல் வாசிப்பதில்லை. நிலுவை இருப்பதாக ஏடு காட்டினால், பொருளாளர் முதலில் அவ்வீட்டிற்குச் சென்று இரசீதைக் கேட்டுப் பார்க்கிறார். கூட்டத்தில் வாசிப்பது ஒன்றே ஒன்று: சென்ற மாதம் நாங்கள் செய்த பிழைகளும், அவற்றைத் திருத்திய விவரமும். அப்பட்டியலை வாசிப்பவள் பன்னிரண்டாம் வகுப்பிற் படிக்கும் பெண், அம்மூதாட்டியின் பேத்தி. முன்வரிசையில் அமர்ந்து பாட்டி கேட்டுக்கொண்டிருக்கிறார்.